கொசப்பேட்டை வழி

நான் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் குளிரூட்டிய ஒரு பெரிய அறை. அதற்குள் எங்களை விடமாட்டார்கள். சுவரில் ஒரு ஜன்னல் இருக்கும். கணக்கையும் எண்களையும் துளைகளாக அடித்த அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி அந்த ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தால், மறுநாள் மத்தியானம் அதே இடத்தில் ஒரு நீளத்தாள் கிடைக்கும். பெரும்பாலும் அந்தத் தாளில் நான் செய்தது தப்பு என்பதைத்தான் இங்கிலீஷில் அடித்து வைத்திருப்பார்கள். இரண்டு வருடத்தில் நான் செய்த தப்பு ஒவ்வொன்றையும் அந்த மெஷின் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டது. பெரிய தப்பு ஒன்றை மட்டும் சொல்லவில்லை. என் அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே வழியை அடைத்தது அந்தத் தப்பு.

எண்பதுகளின் தொடக்கம். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஊரின் தெருக்களை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போட்டு, அதில் வண்டிகளை ஓடவிட்டு, எங்கே நெரிசல் வரும் என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் என் ஆய்வு. உண்மையில் ஓடுவது வண்டிகள் இல்லை, எண்கள். ஒவ்வொரு முச்சந்திக்கும் ஒரு எண், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு எண், அந்தத் தெருவைக் கடக்க இத்தனை நிமிடம் என்று ஒரு எண். டிரைவருக்கு ஒரே ஒரு விதி: எந்த வழியில் நேரம் குறைவோ அந்த வழியில் போவான். அந்த வழியில் கூட்டம் சேர்ந்து நேரம் கூடினால் அடுத்த வழிக்கு மாறுவான். இப்படி மாறி மாறி, இனிமேல் வழி மாற்றினால் யாருக்கும் லாபமில்லை என்ற நிலை வரும்வரை மெஷின் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். வந்ததும் நின்றுவிடும். உலகத்து டிரைவர்கள் அத்தனை பேரையும் ஒரு வரியில் அடக்கிவிட்டதாக எனக்கு நினைப்பு. தலைக்கனம் என்றால் அது சாதாரணத் தலைக்கனம் இல்லை.

ஆய்வுக்கு வேலூரை எடுத்துக்கொண்டேன். எங்கள் வீடு ஆம்பூரில். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துச் சொச்சம். அதோடு, டிரைவர்களைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற எண்ணமும் இருந்தது. என் அப்பாவே டிரைவர்.

அப்பா ஒரு தோல் கம்பெனியில் வேன் ஓட்டினார். தினம் மத்தியானம் இரண்டு மணிக்கு, பதப்படுத்தி முடித்த தோல் சாம்பிளும் செருப்பின் மேல்பாகமான அப்பர் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு காட்பாடி ஸ்டேஷனுக்குப் போவார். பெட்டிகள் ஏற வேண்டிய, சென்னைக்குப் போகிற சாயங்கால ரயில் ஆம்பூரில் நிற்காது. கொணவட்டம் வழியாக வேலூருக்குள் நுழைந்து, கோட்டையைத் தாண்டி வடக்கே திரும்பி, பாலாற்றுப் பாலம் ஏறி, காட்பாடி. பெட்டிகளைப் பார்சல் ஆபீசில் போட்டுவிட்டு ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பார். குளித்த பிறகும் தோல் வாடை இருக்கும். எங்கள் ஊரில் அதையெல்லாம் யாரும் வாடை என்று சொல்வதில்லை.

அக்கா வேலூரில் நர்ஸ். பாகாயத்தில் குவார்ட்டர்ஸ். நான் சென்னைக்குப் போவதற்கு முந்தைய வருடம் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை கூடவே வேலை பார்த்த லேப் டெக்னீஷியன், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற, சர்ச்சுக்குப் போகாத குடும்பம். நாங்கள் கிறிஸ்தவர்கள்; எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் எல்லோர் முன்னாலும் கேட்பார். அக்காவுக்கு யாரும் ஓலை வாசிக்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வேறு வேலையாக அங்கே போன கம்பெனி ஆள் ஒருவர் அதைப் படித்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னார்.

அப்பா கத்தவில்லை, எதையும் போட்டு உடைக்கவில்லை. ஒரே ஒரு தடவை, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஆட்சேபணை இருக்குதான்னு எவனும் கேக்கல" என்றார். அதற்கப்புறம் அக்காவைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. கோயிலில் எங்கள் குடும்பம் வழக்கமாக உட்காரும் மூன்றாவது பெஞ்சை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தார். அம்மாவும் கூடப் போனாள். எங்கள் வீட்டிலும் வழி மாற்றினால் யாருக்கும் லாபமில்லை என்கிற நிலை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஒரு தடவை பாகாயத்துக்குப் போய் அக்காவைப் பார்த்ததோடு சரி. பிறகு சென்னை, படிப்பு, பரீட்சை என்று சாக்குகள் வந்துவிட்டன.

ஆய்வுக்கு முதல் வேலை வண்டி எண்ணுவது. போலீஸ் அனுமதி வாங்கி, ஆறு நாள், கொணவட்டத்தில் நானும் பாலத்து முனையில் கல்லூரி நண்பன் ஒருவனும் நோட்டுப் புத்தகத்தோடு நின்றோம். போகிற வண்டி ஒவ்வொன்றின் நம்பரையும், கடந்த நேரத்தையும் எழுத வேண்டும். இரண்டு நோட்டையும் பிறகு சேர்த்துப் பார்த்தால், எந்த வண்டி ஊருக்குள் நுழைந்து எத்தனை நிமிடத்தில் பாலத்துக்கு வந்தது என்று தெரிந்துவிடும். தினமும் மூன்றடித்து ஐந்து நிமிடத்துக்கு அப்பாவின் வேன் என்னைக் கடக்கும். பிள்ளை வெயிலில் நின்று எழுதுகிறானே என்று அவருக்குப் பெருமையா வருத்தமா தெரியாது, ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போவார். அவர் நம்பரையும் எழுதிக்கொள்வேன்.

அதோடு ஒரு படிவமும் உண்டு. எந்த வழியாகப் போகிறீர்கள், ஏன் அந்த வழி என்று டிரைவர்களைக் கேட்டு நிரப்ப வேண்டும். நேரம் குறைவு என்றால் ஒன்று, ரோடு நன்றாக இருந்தால் இரண்டு, கூட்டம் குறைவு என்றால் மூன்று, இவை எதிலும் சேராவிட்டால் ஒன்பது. அப்பாவின் படிவத்தை வீட்டிலேயே நிரப்பினேன்.

"எந்த வழிப்பா?"

"கோட்டையத் தாண்டி, கொசப்பேட்டை வழியா சுத்திக்கினு போவேன்."

"அது சுத்துப்பா. நேரா பாலத்துக்குத் திரும்பாம ஏன் அப்படி?"

"பழக்கம்."

"பழக்கம்னா எதுல போடறது?"

"எதுலனா போட்டுக்கோ."

ஒன்பது என்று போட்டேன். என் புரோகிராம் ஒன்று, இரண்டு, மூன்று மட்டும்தான் படிக்கும். ஒன்பதைக் கண்டால் தாண்டிப் போய்விடும். அப்படித்தான் எழுதியிருந்தேன்.

சென்னைக்குப் போய் இரண்டு நோட்டையும் சேர்த்தபோது மற்ற வண்டிகள் ஏறக்குறைய கால் மணி நேரத்தில் கடந்த இடத்தை அப்பாவின் வேன் இருபத்தேழு நிமிடத்தில் கடந்திருந்தது. ஒரு நாள் இல்லை, ஆறு நாளும். வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார். "இது நடுவுல எங்கேயோ நிக்கற வண்டி. டீ குடிப்பான், இல்ல தோஸ்த் யாராவது இருப்பான். தூக்கிப் போடு" என்றார். அது என் அப்பாவின் வண்டி என்று நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அட்டைக் கட்டிலிருந்து அந்த ஆறு நாளின் அட்டைகளை உருவிக் குப்பைக் கூடையில் போட்டேன். அவற்றை எடுத்த பிறகு என் கணக்கும் வேலூர்த் தெருவும் அழகாக ஒத்துப்போயின. பேராசிரியர் முதுகில் தட்டினார்.

கொசப்பேட்டையில் அப்பாவுக்கு என்ன வேலை என்று நான் யோசிக்காமல் இல்லை. குடி இருக்குமோ என்று பார்த்தேன். அவர் குடித்ததே கிடையாது. சீட்டாட்டமாக இருக்குமோ? பன்னிரண்டு நிமிடத்தில் என்ன சீட்டு ஆடுவது? சரி, யாரோ கூட்டாளியின் டீக்கடை என்று முடிவு கட்டினேன். பெற்ற அப்பனைப் பற்றி அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

அந்த வருடம் மழைக்காலத்தில் இரண்டு மூன்று தடவை பார்சல் புக்கிங் மூடிய பிறகு வேன் போய்ச் சேர்ந்து, பெட்டிகள் ரயில் ஏறாமல் நின்றுவிட்டன. கம்பெனி மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, "உன் பையன் கம்ப்யூட்டர்ல ரோடு கணக்குதானே போடறான்? நம்ம வண்டிக்கும் ஒரு டைம் போட்டுத் தரச் சொல்லு" என்றிருக்கிறார். அப்பா அதை என்னிடம் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்க்கிறவர் மாதிரிச் சொன்னார். நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. எனக்குக் கால் தரையில் படவில்லை. என் ஆய்வை முதன்முதலில் ஒருவர் கேட்டு வாங்குகிறார்!

சென்னையில் கம்பெனி வேனுக்கென்று தனியாகப் புரோகிராமை ஒரு தடவை ஓட்டி, நீளத்தாளில் அடித்து எடுத்து வந்தேன். ஆம்பூரில் இரண்டே காலுக்குப் புறப்பாடு, கொணவட்டம் மூன்று இருபது, பாலம் மூன்று முப்பத்தைந்து, ஸ்டேஷன் மூன்று நாற்பத்தைந்து. பேக்கிங்குக்குக் கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று மேனேஜருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தாளை மெச்சினார், என்னை மெச்சினார். ஒரு பிரதியை வேனுக்குள் ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டச் சொன்னார். ஸ்டேஷனில் சேர்ந்த நேரத்தைப் பார்சல் ஆபீசில் கையெழுத்து வாங்கி வரவும் ஏற்பாடு செய்தார்.

ஒட்டுவதற்கு முன் அப்பா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எட்டாவது வரை படித்தவர், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார்.

"இதுல கொசப்பேட்டை எங்கடா இருக்குது?"

"அது இல்லப்பா. அந்த வழி ஜாஸ்தி. பன்னெண்டு நிமிஷம் வேஸ்ட்டு."

"வேஸ்ட்டா?"

"ஆமாம்பா. கணக்குல அப்படித்தான் வருது."

"ம்" என்றார். காய்ச்சிய மாவுப் பசையைத் தாளின் பின்னால் தடவி, சுருக்கம் விழாமல் ஒட்டினார். மறுநாளிலிருந்து வேன் ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை. அப்பாவின் டீக்கடைச் சிநேகத்தை அவர் மனம் நோகாமல் வெட்டிவிட்டோம் என்று எனக்குள் ஒரு திருப்தி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறையத் தோன்றும்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் போயிற்று. ஆய்வை முடித்தேன், பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. வேலையில் சேர்வதற்கு முன் அக்காவைப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிப்போடு பாகாயம் போனேன். குவார்ட்டர்ஸில் வேறு யாரோ இருந்தார்கள். "அவங்க கொசப்பேட்டைல வீடு எடுத்துக்கினு போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆவுதே" என்று அங்கிருந்த ஒரு அம்மா முகவரி எழுதிக் கொடுத்தாள். கொசப்பேட்டை என்று கேட்டதும் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அக்கா எனக்குச் சொல்லாமல் வீடு மாறிவிட்டாளே என்று கோபம்தான் வந்தது.

அந்தத் தெரு ஒரு வேன் போனால் எதிரில் சைக்கிள் ஒதுங்க வேண்டிய அகலம். அக்கா கதவைத் திறந்தாள். கையில் நான்கு மாதக் குழந்தை. எனக்குக் குழந்தை பிறந்ததே தெரியாது. கூடத்தில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. அக்காவுக்கும் மாமாவுக்கும் குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை சென்னைக்கு ரயில், அங்கிருந்து விமானம்.

"அம்மாவுக்காவது சொன்னியா?"

"லெட்டர் போட்டு இன்னாடா ஆவப்போவுது. அப்பா கையில கெடச்சா அம்மாவுக்குத்தான் பேஜாரு."

"அவ்வளவு தூரம் போகணுமாக்கா?"

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

அவர்கள் அந்த வீட்டுக்குக் குடி வந்த புதிதில், கோட்டைப் பக்கம் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டியிருக்கிறார்கள். போலீஸ்காரர் வண்டிகளை எல்லாம் இந்தத் தெரு வழியாகத் திருப்பிவிட்டிருக்கிறார். அக்கா நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்து வாசலில் நின்றாள். அப்பாவின் வேன் வந்தது. அவர் பார்த்தார். நிற்காமல் போய்விட்டார். இரண்டு நாளில் தோண்டிய பள்ளத்தை மூடிவிட்டார்கள். மற்ற வண்டிகள் பழைய வழிக்குப் போய்விட்டன. அப்பாவின் வேன் மட்டும் மூன்றாவது நாளும் வந்தது, நான்காவது நாளும் வந்தது.

"தெனம் மூணேகாலுக்குடா. வீட்டாண்ட வரும்போது ஃபர்ஸ்ட் கியருக்கு வந்துடுவாரு. நேரா ரோட்டத்தான் பார்ப்பாரு. ஆனா மெதுவாப் போவாரு. நைட் டியூட்டின்னாலும் நான் எழுந்து வந்து நிப்பேன். பகல் டியூட்டி வந்தா இந்தக் கொடில ஒரு பொடவையக் காயப் போட்டுட்டுப் போவேன், நல்லாத்தான் இருக்கறேன்னு தெரியட்டும்னு. இவரு கேலி பண்ணுவாரு, உங்கப்பாவுக்குச் சிக்னல் போட்டாச்சான்னு."

சொல்லும்போது லேசாகச் சிரித்தாள்.

"வயிறு தெரிய ஆரம்பிச்சப்போ ஒரு நாளு நின்னுட்டாருடா. இதோ, இங்க. இஞ்சினக்கூட நிறுத்தல. ஒரு நிமிஷம் இருக்கும். என்னயப் பார்த்தாரு, வயித்தப் பார்த்தாரு. அப்புறம் போய்ட்டாரு. அடுத்த தடவ எறங்குவாருன்னு நெனச்சேன். இவருகிட்டயும் சொன்னேன், காபித்தூளு வாங்கி வச்சேன். அந்த வாரம் மட்டும் வந்தாரு, எறங்கல. அதுக்கப்புறம் வரல."

"வரலன்னா?"

"அன்னியோட சரி. மாசக்கணக்கா நின்னேன்டா. கொழந்த பொறக்கற வரைக்கும் நின்னேன். அந்தக் கொழந்தய நெனச்சுத்தான் வெறுப்பு வந்துடுச்சு போலன்னு நெனச்சிக்கினேன். இப்பக்கூட மூணேகாலானா காலு தானா வாசலுக்குப் போவுது. இந்த ஊர்ல இருந்தா பைத்தியம் புடிச்சிடும். அதான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் வராமல் போனது மழைக்காலத்திலா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். பார்சல் நின்றுபோனது, மேனேஜர் கேட்டது, நான் தாள் போட்டுக் கொடுத்தது, ஸ்டேஷனில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கொசப்பேட்டை எங்கே என்று அப்பா கேட்டதையும், வேஸ்ட் என்று நான் சொன்னதையும்கூடச் சொன்னேன். அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. குழந்தையைக் கொண்டுபோய்த் தொட்டிலில் விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ வெறுப்பு இல்லியா?"

"இல்லக்கா."

"மேனேஜராண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அவரு."

"என்னன்னு சொல்லுவாரு?"

அப்பாவைக் கையோடு கூட்டி வருகிறேன் என்று எழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "வேணாம்டா. நமக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சா இந்தத் தெருப் பக்கமே தலவச்சிப் படுக்கமாட்டாரு. அவரா வரணும். வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வண்டி இந்தப் பக்கம் வந்தாப் போதும். கொழந்தயத் தூக்கிக்கினு வாசல்ல நிப்பேன். பார்த்துட்டுப் போவட்டும்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எங்கள் வீட்டு ஆட்கள் அப்படி. பேசினால் உடைந்துவிடும் என்று பேசாமல் இருந்தே உடைப்பவர்கள். நேரே வீட்டுக்குப் போய், "அப்பா, அக்கா வெள்ளிக்கிழமை போகிறாள், வாங்க" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அதைச் செய்யாமல் நான் இன்னொரு தாள் தயாரிக்கப் போனேன். கோட்டைப் பக்கம் கூட்டம் அதிகமாகிவிட்டது, இனிமேல் கொசப்பேட்டை வழிதான் நல்லது என்று மெஷினே சொல்கிற மாதிரி ஒரு தாள். கம்ப்யூட்டர் சொன்னால் மேனேஜர் கேட்பார். மேனேஜர் சொன்னால் அப்பா கேட்பார். அப்பாவும் யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளாமல் மகளைப் பார்க்கலாம்.

திங்கட்கிழமை சென்னையில் கோட்டைப் பக்கத்துத் தெருக்களின் நிமிடங்களைப் பொய்யாக ஏற்றி அட்டை அடித்துக் கல்லூரியின் பழைய ஜன்னலில் கொடுத்தேன். நான் மனதறிந்து செய்த ஒரே பொய்க் கணக்கு அது. செவ்வாய்க்கிழமை தாள் வந்தது. ஒரு அட்டையில் ஒரு கமா விட்டுப்போயிருந்ததால் ஓடவில்லை என்று அதில் அடித்திருந்தது. திருத்திக் கொடுத்தேன். புதன்கிழமை சாயங்காலம் சரியான தாள் கிடைத்தது. வியாழக்கிழமை காலை மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு வரி பார்த்துவிட்டுச் சரி என்றார். புறப்பாட்டைப் பழையபடி இரண்டு மணிக்கு மாற்றினார். அப்பா பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார். விரலை இறக்கிக்கொண்டே வந்தவர் கொசப்பேட்டை என்ற எழுத்தில் நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நானும் வர்றேம்பா, காட்பாடில ஒரு வேல இருக்குது" என்று பொய் சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். கோட்டையைத் தாண்டியதும் அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். தெருவுக்குள் திரும்பியதும் கியரைக் குறைத்தார். இந்தத் தடவை அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. நேராக வீட்டைப் பார்த்தார்.

வாசலில் யாரும் இல்லை. கொடியில் புடவை இல்லை. கதவில் பூட்டு.

அப்பா வேனை நிறுத்தினார். இஞ்சினையும் நிறுத்திவிட்டார். நான் குதித்து இறங்கிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு அம்மா வந்தாள். "அவங்க நேத்தே போய்ட்டாங்களே. ஏஜெண்டு தந்தி குடுத்துட்டான், ரெண்டு நாளு முன்னாடியே வரணும்னு. அவசர அவசரமாக் கட்டிக்கினு நேத்து சாயங்காலம் மெட்ராஸ் வண்டிக்குப் போய்ட்டாங்க. நீ தம்பியா? ஒன்னத்தான் போல, மூணரை மணி வரைக்கும் பார்த்துக்கினு இருந்திச்சு. கொழந்தைக்குப் புதுச் சொக்காலாம் போட்டு வாசல்லயே நின்னுது பாவம்" என்றாள்.

அப்பா எனக்குப் பின்னால் இறங்கி நின்றிருக்கிறார் என்று அப்புறம்தான் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். பூட்டின் பக்கத்தில் போய், கதவில் உள்ளங்கையை வைத்தார். வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார். வேனில் ஏறி இஞ்சினைப் போட்டார். நானும் ஏறினேன்.

வேன் பாலம் ஏறியது. பாலாறு வழக்கம்போல வெறும் மணலாகக் கிடந்தது.

"நான் போட்டுக் குடுத்தது தப்புப்பா" என்றேன். "அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"தப்பு இல்லடா. ஒன் கணக்கு கரெக்ட்டுதான். அந்த வழில கம்மி நேரம்தான் ஆச்சு."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னைத் தேற்றச் சொன்னார். குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நேத்து அந்த வண்டிலதான் நானும் பெட்டி ஏத்தினேன்" என்றார். "கடைசில, பார்சல் ஏத்தற பிரேக் வேனாண்ட நின்னுக்கினு இருந்தேன். வண்டி எடுக்கற வரைக்கும் அங்கதான் இருந்தேன். முன்னாடி எங்கனா ஏறியிருக்கும்."

"ஆமாம்பா."

"கொழந்த இன்னாடா, பொண்ணா?"

"பொண்ணுப்பா."

"எந்த ஊருக்குப் போறாங்க?"

"குவைத்து."

அப்பா இருபத்தைந்து வருடம் வண்டி ஓட்டியவர். இங்கிருந்து கல்கத்தா வரை லாரியில் தோல் ஏற்றிக்கொண்டு போனவர். எந்த ஊரைச் சொன்னாலும், எந்த ரோட்டில் ஏறி எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுவார். ஒரு நிமிடம் யோசித்தார். தெரியவில்லை போலிருக்கிறது. என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"வண்டி போற ஊரா?"

"இல்லப்பா" என்றேன்.